நிரந்தரம்: கொடையா, கணக்கா?

“பெர்மனென்ட் ஆகிவிட்டது!”

கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலே இந்த ஒரு செய்திக்கு இருக்கிற மதிப்பு வேறு எந்தச் செய்திக்கும் கிடையாது. பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் தாமே தேடி வருகிறார்கள். வங்கியிலே நிற்க வைத்துப் பேசியவர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். “காண்ட்ராக்டுல இருக்கான்” என்று நேற்றுவரை குரலைத் தாழ்த்திச் சொல்லிவந்த தாய், இன்று தெருக்கோடிக்குக் கேட்கும்படி சொல்கிறாள். சொல்லட்டும், பத்தாண்டு, பதினைந்தாண்டு அடக்கி வைத்த குரலல்லவா அது!

அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு கேள்வியை எழுப்பத்தான் வேண்டும். “நீ எங்கள் ஆள் அல்ல, காண்ட்ராக்டரின் ஆள்” என்று நேற்றுவரை கூறிய நிர்வாகம், “நீர் தனி ஆள், செய்த வேலைக்குக் காசு, அத்தோடு சரி” என்று நேற்றுவரை கூறிய கம்பெனி, திடீரென்று ஒருநாள், “வாரும், எங்களவராக இரும், நிரந்தரமாக வைத்துக்கொள்கிறோம்” என்று அழைக்கிறதே, ஏன்?

முதலாளியின் மனம் இளகிவிட்டது என்பார் சிலர். மேலதிகாரி தங்கமானவர் என்பார் வேறு சிலர். வேண்டுதல் பலித்தது என்று மொட்டை போடக் கிளம்புவோரும் உண்டு. தங்கமான அதிகாரிகள் இருக்கலாம். இல்லையென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் கம்பெனி என்பது கணக்கு எழுதுகிற இடம். இளகுவதற்கு அங்கே மனம் இல்லை, பேரேடு இருக்கிறது. நிரந்தர வேலை என்ற அழைப்பு எந்தக் கணக்கிலே பிறக்கிறது, அந்தக் கணக்கிலே உழைத்தவனுக்குச் சேரவேண்டிய பாக்கி எவ்வளவு, இதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையிலே போகிறவருக்குச் சிப்காட் வந்துவிட்டது என்பதைப் பலகை சொல்லத் தேவையில்லை, மூக்கு சொல்லிவிடும். சாலையோரம் வரிசையாக இரசாயன ஆலைகள். அவற்றிலே ஓர் ஆலை என்று வைத்துக்கொள்வோம். பெயர் தேடவேண்டாம், நாமே கற்பனையில் கட்டிய ஆலை அது. நள்ளிரவில் ஒரு பம்பு மோட்டார் எரிந்துபோகிறது. முதுநகரிலே சிறு பட்டறை வைத்து, மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கும் ஒருவருக்குத் தொலைபேசி போகிறது.

“அண்ணே, உடனே வரணும். பம்பு நின்னுபோச்சு.”

“வரேன் சார். பக்கத்து ஆலையில ஒரு மோட்டாரைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். முடிச்சுட்டு விடியக்காலம் வந்துடறேன்.”

“விடியக்காலமா? அதுவரைக்கும் ஆலை நிக்குமே அண்ணே!”

“நான் ஒரு ஆளு சார். ரெண்டு எடத்துல இருக்க முடியுமா?”

அந்த ஓர் இரவு ஆலைக்கு எவ்வளவு நட்டம் என்பதை மறுநாள் கணக்கர் எழுதுகிறார். காயில் கட்டியவர் கேட்ட கூலியையும் பக்கத்திலே எழுதுகிறார். ஓராண்டில் அவரை எத்தனை முறை அழைத்தோம், எத்தனை முறை காத்திருந்தோம் என்று கூட்டிப் பார்க்கிறார். கூட்டல் முடிந்ததும் மேலாளருக்கு ஞானம் பிறக்கிறது: “இவரை மாதச் சம்பளத்துக்கு இங்கேயே போட்டுக்கொண்டால் என்ன?”

போதி மரமும் வேண்டாம், புத்தர் அருளும் வேண்டாம். ஒரு கூட்டல் கணக்கிலே பிறந்துவிடுகிறது நிரந்தர வேலை!

இந்தக் கூட்டலைப் பொருளாதாரப் பாடமாக்கிக் காட்டியவர் ரொனால்டு கோஸ் என்ற ஆங்கிலேயர். 1937ஆம் ஆண்டு, முப்பது வயதைத் தொடாத இளைஞராக இருந்தபோது, எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார் அவர். எல்லா வேலையையும் சந்தையிலே அன்றன்று விலை பேசி வாங்கிக்கொள்ள முடியுமானால், கம்பெனி என்ற ஒன்று எதற்காக? விடையும் அவரே தந்தார். ஆளைத் தேடுவதற்குச் செலவு. விலை பேசுவதற்குச் செலவு. ஒப்பந்தம் எழுதச் செலவு. எழுதியபடி செய்தானா என்று பார்க்கச் செலவு. இந்தச் செலவெல்லாம் சேர்ந்து, ஆளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் செலவை மிஞ்சும்போது, வெளியே இருந்தவன் உள்ளே அழைக்கப்படுகிறான். இதைச் சொன்னதற்காக 1991இல் நோபல் பரிசு தந்தார்கள். முதுநகர் பட்டறைக்காரருக்கு இது பரிசில்லாமலே தெரியும்.

கூலி மட்டும்தானா கணக்கு? இல்லை. அந்த ஆலையின் மோட்டார்கள் ஒவ்வொன்றின் குணமும் அவருக்குத் தெரியும். எது மழைக்காலத்தில் சூடேறும், எதற்குப் பேரிங் அடிக்கடி தேயும், எந்த மோட்டாரை முன்னே கட்டியவன் செம்புக் கம்பியிலே கஞ்சத்தனம் செய்தான், எல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கிறது. ஏட்டிலே இல்லை, வரைபடத்திலே இல்லை. அவர் நாளை பக்கத்து ஆலைக்கே போய்விட்டால் அந்த அறிவும் கூடவே போய்விடும். புது ஆளை அமர்த்தினால் அவன் இதையெல்லாம் கற்பதற்குள் நாலு மோட்டார் எரியும். ஆகவேதான் அழைப்பு. ஆகவேதான் “அண்ணே”!

இன்னொன்றும் உண்டு, அதைக் கம்பெனிகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டறைக்காரராக இருக்கும்வரை அவர், “நாளைக்கு வருகிறேன்” என்று சொல்ல முடியும். சம்பளக்காரராக ஆனபிறகு சொல்ல முடியாது. கை மட்டுமல்ல, காலமும் கம்பெனிக்கு உடைமையாகிறது. நிரந்தரம் என்ற சொல்லின் ஒரு பக்கம் பாதுகாப்பு, மறுபக்கம் கட்டுப்பாடு.

கட்டுப்பாட்டைப் பற்றிக் கடலூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. “கம்பெனி” என்ற சொல் இந்த மண்ணிலே கால் வைத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1690ஆம் ஆண்டு மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டுக் குடியேறிய கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அன்று வேண்டியிருந்தது என்ன? துணி! நம் நெசவாளர் நெய்த துணி! அதைக் கம்பெனி நேரடியாக வாங்கவில்லை. வணிகரோடு ஒப்பந்தம் போட்டது; வணிகர் நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கித் தந்தனர். இன்றைய காண்ட்ராக்டரின் பாட்டன் அன்றைய அந்த இடைத்தரகன்.

நெசவாளன் அன்று ஓரளவு சுதந்திரன். ஏனெனில் வாங்குவோர் ஒருவரல்லர். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன். தெற்கே பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரன். அதற்கும் தெற்கே தரங்கம்பாடியில் டேனிஷ்காரன். இவன் குறைத்துக் கேட்டால் அவனிடம் போகலாம். இதைப் பொறுக்குமா கம்பெனி? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, சென்னை மாகாணத்தில், இடைநின்ற வணிகரை விலக்கத் தொடங்கியது. ரெசிடெண்ட் என்ற தன் அதிகாரியையும் குமாஸ்தாக்களையும் வைத்து, நெசவாளனுக்குத் தானே நேராக முன்பணம் தந்தது. இடைத்தரகன் ஒழிந்தான் என்று நெசவாளன் மகிழ்ந்தானா? வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறொருவனுக்கு ஒரு முழம் நெய்யக்கூடாது என்ற கட்டு வந்து சேர்ந்தது. தறி அவனுடையது, கை அவனுடையது. துணி மட்டும் கம்பெனிக்கே!

அந்த நெசவாளனுக்குக் கிடைத்தது நிரந்தர வேலை அல்ல, நிரந்தரக் கட்டு. இரண்டும் வேறு என்பதை நாம் அறிவோம். ஆயினும் நேரடி உறவு என்று கம்பெனி கை நீட்டும்போது, அந்தக் கையிலே இருப்பது மாலையா கயிறா என்று பார்க்கும் பழக்கம் கடலூர்க்காரனுக்கு இருக்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

பட்டறைக்காரரும் நெசவாளரும் கைத்தொழில் உடையோர். பேரம் பேசக் கொஞ்சமேனும் இடம் உள்ளவர்கள். இடமே இல்லாதவர் நிலை என்ன? அதைக் காணக் கடலூரிலிருந்து மேற்கே நெய்வேலிக்குப் போக வேண்டும்.

1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மின்சாரம் பிறந்தது. தென்னாட்டுக்கே ஒளி தந்த ஊர். இதெல்லாம் பள்ளிப் பாடத்திலே உண்டு. பாடத்திலே அழுத்திச் சொல்லாத ஒன்றும் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியிலே, பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அதை இறைத்துக்கொண்டேயிருக்க வேண்டும். பொங்கலன்றும் இறைக்க வேண்டும், புயலன்றும் இறைக்க வேண்டும். நிறுத்தினால் கீழிருந்து நீர் முட்டிக்கொண்டு கிளம்பும், சுரங்கம் குளமாகும். மேலேயோ, நிலக்கரியை மூடிக்கிடக்கும் மண், சாதாரண மண் அன்று. கடலூர் மணற்பாறை என்று நிலவியலாரே நம் ஊர்ப் பெயரை வைத்து அழைக்கிற கடினப் பாறை கலந்தது. இராட்சதச் சக்கர எந்திரத்தின் இரும்புப் பற்களையே அது தேய்த்துத் தின்றுவிடும். தேய்ந்த பல்லுக்கு மேல்பூச்சு வெல்டிங் வைத்து வைத்து மாட்ட வேண்டும். மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டின் உருளைகளைப் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். சிந்திய மண்ணை வாரிக்கொண்டேயிருக்க வேண்டும்.

கேட்கிறோம், இவற்றிலே எது தற்காலிக வேலை? நீர் ஊறுவது தற்காலிகமா? பல் தேய்வது தற்காலிகமா? நிலக்கரி உள்ளவரை உள்ள வேலை இது. ஆனால் நிரந்தரத் தொழிலாளர் ஓய்வு பெற ஓய்வு பெற, அவர் விட்ட இடத்தை நிரப்பியோர் யார்? ஒப்பந்தத் தொழிலாளர்! அவர்கள் எண்ணிக்கை பதினாயிரத்தையும் தாண்டியது. வேலை நிரந்தரம், செய்பவன் தற்காலிகம்! சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்திலே நின்றார்கள். நிலம் போனது நிரந்தரமாக. வேலை வந்தது ஒப்பந்தமாக.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2010இல் வேலைநிறுத்தம். 2012இல் வேலைநிறுத்தம். 2023 சூலையில் மீண்டும் காலவரையற்ற வேலைநிறுத்தம். ஒவ்வொரு முறையும் முதற்கோரிக்கை அதேதான்: நிரந்தரமாக்கு! நிர்வாகம் என்ன செய்தது? “இன்கோசர்வ்” என்ற கூட்டுறவுச் சங்கத்திலே சேர்ப்பது, பணிமூப்புப் பட்டியல் போடுவது, அதிலிருந்து படிப்படியாக எடுப்பது என்று ஒரு வழி வகுக்கப்பட்டது. நல்ல வழிதான். பட்டியல் இருப்பது பட்டியலே இல்லாததைவிட மேல். ஆனால் ஆண்டுகள் ஓடும் வேகத்தையும் பட்டியல் நகரும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், யானைப் பசிக்குச் சோளப்பொரி என்ற பழமொழிதான் நினைவுக்கு வருகிறது. நிற்பவர்களுக்கு வயது ஏறுகிறது. தலை நரைத்த பிறகு நிரந்தரம் பெற்றால், அது ஓய்வுக்கு எத்தனை நாள் முன்னே?

இங்கேதான் நிர்வாகத்தின் கணக்கு இன்னொரு கோணத்தில் தெரிகிறது. ஆயிரம் பேரில் சிலரை எடுத்தால், மிச்சமுள்ளோர் காத்திருப்பர். காத்திருப்பவன் அடங்கியிருப்பான். “அடுத்த பட்டியலில் உன் பெயர் வரும்” என்ற ஒரு வாக்கியம், நூறு காவலாளிகள் செய்கிற வேலையைச் செய்துவிடும். நிரந்தரம் ஒருவனுக்குத் தரப்படுகிறது. அதன் பயன் மீதியுள்ளோரின் மௌனமாக நிர்வாகத்துக்குத் திரும்பி வருகிறது. எல்லா நிர்வாகமும் இந்த எண்ணத்தோடுதான் செய்கிறது என்று நாம் கூறவில்லை. எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் விளைவு அதுதான் என்று கூறுகிறோம்.

2020 சூலை முதல் நாள் அங்கே இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு பேர் மாண்டனர்; படுகாயத்தோடு கிடந்தவர்களில் மேலும் பலர் அடுத்த நாட்களில் மாண்டனர். மாண்டோரில் ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தனர். நெருப்பு, நிரந்தரமா ஒப்பந்தமா என்று அடையாள அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. பிறகு, இறந்தவர் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்று நிறுவனம் அறிவித்தது. அறிவித்ததைக் குறை கூறவில்லை, கொடுக்கத்தான் வேண்டும். உயிரோடிருந்து உழைத்த ஆண்டுகளிலே “நீ எங்கள் ஆளா?” என்று தயங்கிய பொறுப்பு, அவன் வெந்து மாண்ட பின்னால் தயக்கமின்றி ஏற்கப்படுகிறதே, அந்தக் காலத்தாழ்வைத்தான் கேட்கிறோம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு, ஏராளமாக உண்டு. கம்பெனிகள் நிரந்தர வேலை தர முன்வருவதற்கு அந்தச் சட்டங்களைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம்.

1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆண்டு முழுதும் நடக்கிற வேலையா, தொழிலுக்கு இன்றியமையாத வேலையா என்று பார்த்து, அந்த வேலையில் ஒப்பந்த முறையையே தடைசெய்யலாம் என்ற அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. தடைசெய்தால் அங்கே உழைத்தவன் கதி? 1996இல் உச்சநீதிமன்றம், அவன் தானாகவே நிர்வாகத்தின் தொழிலாளியாகிவிடுகிறான் என்றது. ஊரெங்கும் நம்பிக்கை! ஐந்தே ஆண்டு. 2001இல் அதே உச்சநீதிமன்றம், அரசமைப்பு அமர்வு கூடி, தானாக ஆவதில்லை என்று மாற்றிவிட்டது. ஆனால் ஒரு சன்னலைத் திறந்தே வைத்தது. ஒப்பந்தம் என்பது வெறும் திரைதான், திரைக்குப் பின்னே வேலை வாங்குவது நிர்வாகமே என்று மெய்ப்பித்தால், அவன் தொடக்கத்திலிருந்தே நிர்வாகத்தின் தொழிலாளி.

திரையா இல்லையா என்று பார்ப்பது எப்படி? வேலை ஏவுவது யார், விடுப்புக் கேட்பது யாரிடம், எந்திரம் யாருடையது, வேண்டாமென்றால் வெளியேற்றுவது யார்? காண்ட்ராக்டர் மூன்று முறை மாறியும் தொழிலாளி மாறவில்லை என்றால், யார் நிழல், யார் நிஜம்? இந்தக் கேள்விகள் நீதிமன்றத்திலே எழுந்தால் என்னாகும் என்று நிர்வாகத்தின் வழக்குரைஞருக்குத் தெரியும். ஆகவே வழக்கு முற்றுவதற்குள் ஒரு பகுதியினரை உள்ளே எடுத்துவிடுவது மேல் என்று அவர் அறிவுரை கூறுவார். அதுவும் ஓர் அழைப்பு. அதற்கும் மாலை போட்டு வரவேற்பு!

தமிழகத்துக்குத் தனிச் சட்டமே உண்டு. 1981இல் இயற்றியது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவனை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். பதிலித் தொழிலாளியையும் அது விட்டுவிடவில்லை. எண்ணும் தெளிவு, எழுத்தும் தெளிவு. ஆனால் 480 என்ற எண்ணைத் தொழிலாளியைவிட நிர்வாகமே நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது! நானூறு நாளைத் தாண்டியதும் ஒரு சிறு இடைவெளி, அட்டையிலே ஒரு புதுப் பெயர், வேறொரு காண்ட்ராக்டர். கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இதையெல்லாம் தனியார் மட்டுமே செய்வதாக எண்ணிவிடக் கூடாது. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளிலே 16,549 பேர் மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்தப்பட்டனர். பிள்ளைகள் முழுநேரம், ஆசிரியர் பகுதிநேரம்!

2006இல் உமாதேவி வழக்கு என்று பெயர் பெற்ற தீர்ப்பு, அரசுத்துறைத் தற்காலிகர்க்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை என்று கதவைச் சாத்தியது. நிர்வாகங்கள் அதைக் கேடயமாகவே தூக்கிக்கொண்டு திரிந்தன. 2024 டிசம்பரில், மத்திய நீர் ஆணையத்தில் பல ஆண்டுகள் துப்புரவும் தோட்ட வேலையும் செய்து நீக்கப்பட்டவர்கள் வழக்கிலே, அந்தத் தீர்ப்பை நெடுங்காலம் உழைத்தவர்க்கு எதிராக இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கண்டித்து, அவர்களை நிரந்தரமாக்க ஆணையிட்டது உச்சநீதிமன்றம். பிறகு 2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றிலே கரைந்தது. நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது புதுச் சட்டம். கேட்க இனிமைதான்! ஆனால் துப்புரவு, காவல், உணவகம், ஏற்றுமதி இறக்குமதிச் சுமை, தோட்டம் ஆகியவை பொதுவாக மையப் பணி ஆகா என்றும் அதுவே கூறுகிறது. மையப் பணியே ஆனாலும், வழக்கமாகவே காண்ட்ராக்டர் வழியே நடப்பது என்றால் விலக்கு உண்டு என்கிறது. இருபது ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பாய்ந்த சட்டம், இனி ஐம்பது இருந்தால்தான் பாயும். கையிலே கொடுத்ததை விரலிடுக்கிலே வாங்கிக்கொள்ளும் சாமர்த்தியம்!

நம் நாட்டு நிர்வாகங்கள்தாம் இப்படி, சீமையிலே வேறு என்று நினைப்போர்க்காக அமெரிக்காவின் பெருங்கம்பெனி ஒன்றின் கதையையும் சொல்லிவிடுகிறோம். மைக்ரோசாஃப்ட்! 1980களிலே, மென்பொருளைச் சோதிக்கவும் கையேடு எழுதவும், தனித்து உழைப்போர் என்ற பெயரில் பலரை அமர்த்தியது. “நான் கம்பெனியின் ஊழியன் அல்ல” என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கியது. நிரந்தர ஊழியர் பக்கத்திலேயே மேசை, அதே மேலாளர், அதே வேலை. அட்டையின் நிறம் மட்டும் வேறு; கம்பெனி விருந்துக்கு அழைப்பும் கிடையாது. 1989-90இல் அமெரிக்க வரித்துறை வந்து பார்த்தது. வேலை வாங்குகிற முறையைப் பார்த்தால் இவர்கள் ஊழியர்களே என்றது. உடனே பிறந்தது மைக்ரோசாஃப்டின் கருணை! சிலருக்கு நிரந்தர வேலை. பலருக்கோ, ஆள் அனுப்பும் ஏஜென்சியிலே சேர்ந்துகொண்டு அதே நாற்காலிக்குத் திரும்பி வா என்ற அறிவுரை. அவர்களிலே சிலர் 1992இல் வழக்குத் தொடுத்தனர். கையெழுத்துப் போட்டவர்கள்தாமே என்று கம்பெனி வாதாடியது. கையெழுத்து என்ன சொன்னாலும் உழைப்பு என்ன சொல்கிறது என்று பார்த்தது நீதிமன்றம். 2000ஆம் ஆண்டு இறுதியில் 97 மில்லியன் டாலர், அதாவது ஒன்பது கோடியே எழுபது இலட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது கம்பெனி.

அந்தத் தொகை எதற்கு? வரப்போகும் நாளுக்கு அல்ல, கடந்துபோன ஆண்டுகளுக்கு! இதைத்தான் நம் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன், நிரந்தரம் என்ற பெயரை மட்டும் நம்பி மயங்கக் கூடாது என்பதற்குச் சிதம்பரத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், தமிழிசைக்கும் தமிழ்க் கல்விக்கும் ஆற்றிய தொண்டை நாடறியும். அங்கே காலப்போக்கில் ஊழியர் எண்ணிக்கை தேவைக்கு மேல் ஏறியது. கையிருப்பு கரைந்தது, சம்பளம் தரத் திணறியது. 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு, மிகையென்று கணக்கிடப்பட்ட ஆசிரியரும் ஊழியரும் பல மாவட்டங்களின் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டனர். சிதம்பரத்தில் வீடு கட்டிக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர் எங்கோ ஓர் ஊரில் வாடகைக்கு அறை தேடினார். அவர் கையிலே இருந்ததும் நிரந்தர ஆணைதான்! அதே வளாகத்திலே, தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் உழைத்துக்கொண்டு, எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று முழக்கமிட்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. நெய்வேலியில் நிரந்தர வேலைக்குத் தற்காலிக ஆள்; சிதம்பரத்தில் வேலைக்கு மிஞ்சிய நிரந்தர ஆள். இரண்டு ஊருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லை. வேலையை அளந்து ஆளை அமர்த்தாத நிர்வாகம், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடிபடுபவன் உழைப்பவனே.

ஆகவே அழைப்பு வந்தால் என்ன செய்வது? முதுநகர்ப் பட்டறைக்காரர் அவசரப்பட வேண்டியதில்லை. நாலு ஆலை அவரைத் தேடுகிறது. அதுதான் அவர் பலம். வைப்பு நிதி உண்டா, மருத்துவக் காப்பீடு உண்டா, ஞாயிற்றுக்கிழமை சொந்தப் பட்டறையைத் திறக்கத் தடையுண்டா என்று கேட்டு, சரிப்பட்டால் போகலாம். இல்லாவிட்டால் “அண்ணே” என்று அழைக்கப்படுவதே போதும் என்று இருந்துவிடலாம். பிள்ளைக்குக் கல்லூரிச் செலவு வந்துவிட்ட ஆண்டிலே அவர் எப்படி முடிவெடுப்பார் என்பது வேறு. அதை வெளியே இருந்து நாம் சொல்வது எளிது.

நெய்வேலித் தோழனுக்கோ, சிப்காட்டில் காண்ட்ராக்டர் பெயரில் உழைப்பவனுக்கோ அந்தப் பேரம் இல்லை. கிடைத்தால் பெற்றுக்கொள்ளத்தான் வேண்டும். வேண்டாமென்று வீரம் பேசச் சொல்ல மாட்டோம். பெறும்போது ஆணையைப் படித்துப் பார்க்கச் சொல்வோம். எந்தத் தேதியிலிருந்து? இதுதான் கேள்வி.

இருபதாண்டு ஒப்பந்தத்தில் உழைத்தவன், ஐம்பது வயதிலே நிரந்தரமாகிறான் என்று வைத்துக்கொள்வோம். அறுபதிலே ஓய்வு. பணிக்கொடை, ஓராண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம். பெயரைப் பாருங்கள், பணிக்“கொடை”! உழைத்தவன் காசுக்குக் கொடை என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ! முப்பது ஆண்டும் சேர்ந்தால் 450 நாள் ஊதியம். பத்தாண்டு மட்டும் என்றால் 150 நாள். இருபத்தாறு நாளை ஒரு மாதமாக வைப்பது சட்டக் கணக்கு. அப்படிப் பார்த்தால் இழந்த 300 நாள் என்பது பதினோரு மாதச் சம்பளத்துக்கும் மேல். அந்த இருபதாண்டுப் பணத்தைக் காண்ட்ராக்டர் தரமாட்டாரா என்பீர்கள். ஒப்பந்தம் மாற மாற, ஐந்தாண்டு நிறைவதற்குள் காண்ட்ராக்டரே மாறிவிட்டாரே, யாரிடம் போய்க் கேட்பது? பணிக்கொடையோடு முடியவில்லை. ஊதிய உயர்வு, பதவி உயர்வு, பணிமூப்பு அத்தனையும் அந்த ஒரு தேதியைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகின்றன.

இன்று நிரந்தரம் என்று ஒப்புக்கொள்ளும் நிர்வாகம், இந்த வேலை நிலையானது, இந்த ஆள் தேவையானவன் என்று தன் கையெழுத்தாலேயே ஒப்புக்கொள்கிறது. நேற்றும் அதே வேலைதான். நேற்றும் அதே ஆள்தான். பின் நேற்றைய நாள் மட்டும் எப்படிக் கணக்கில் வராமல் போகும்? ஆணையிலே “இன்று முதல்” என்று இருந்தால், “ஒப்பந்தக் காலத்தையும் பணிக்காலமாகச் சேர்த்து” என்ற வரியை எழுதச் சொல்லிச் சங்கத்தின் வழியே கேட்க வேண்டும். “முந்தைய காலம் குறித்து எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன்” என்ற வாசகம் எங்கேனும் ஓர் ஓரத்தில் நுழைந்திருக்கிறதா என்று, கையெழுத்துக்கு முன்னால் படித்துப் பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்தவன், தெரியாத தோழனுக்கும் படித்துச் சொல்ல வேண்டும். பழைய அடையாள அட்டைகள், வைப்புநிதிச் சீட்டுகள், வாயிலில் தந்த நுழைவுச் சீட்டுகள் எதையும் எறிந்துவிடாமல், காண்ட்ராக்டர் பெயர் எத்தனை முறை மாறியது என்பது தெரியும்படி, ஆண்டு வாரியாக அடுக்கி வீட்டிலே வைத்திருக்க வேண்டும். நாளைக்கு அந்த இருபதாண்டுக்குச் சாட்சி சொல்ல வேறு யாரும் வரமாட்டார்கள்.